ஒரு புட்டிக்குத்தான் காசு: மங்குக்கா, சுருக்கத்துக்கா?

முகச் சீரம் முதன்முறையாக வாங்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கொழும்பில் கார்மெண்ட்ஸிலும் கடைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்குக் கொஸ்லந்தையில் வந்து இறங்கும்போது பையில் உடுப்பு, இனிப்புப் பெட்டி, கூடவே சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றும் இருக்கிறது. அக்கா எடுத்துப் பார்க்கிறாள். அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறாள். பக்கத்துக் காம்பராச் சித்தி, "இது மங்குக்கா, சுருக்கத்துக்கா?" என்று கேட்கிறாள். வாங்கி வந்த பிள்ளைக்கே பதில் சரியாகத் தெரியாது. கடைக்காரர் "ரெண்டுக்கும் நல்லது" என்று சொல்லி விற்றிருப்பார்.

சீரம் என்பது தண்ணீர் மாதிரி இளகிய பூச்சு. கிரீமில் எண்ணெயும் மெழுகும் நிறைய இருக்கும், வேலை செய்கிற சரக்கு கொஞ்சம்தான். சீரத்தில் அந்தச் சரக்கின் செறிவைக் கூட்டி, பெரும்பாலும் 30 மில்லிலீட்டர் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த 1750 ரூபா நாட்சம்பளம் முழுதாகக் கைக்கு வந்தாலும், ஓரளவு நல்ல புட்டி இரண்டு மூன்று பேரையாவது, அதாவது இரண்டு மூன்று நாள் சம்பளத்தையாவது, விழுங்கிவிடும். அதனால் காலைக்கு நான்கு, ராத்திரிக்கு ஐந்து என்று அடுக்குகிற கதையை இங்கே எழுதப் போவதில்லை. கையிலுள்ள காசுக்கு எதை முதலில் வாங்குவது, எதைத் தொடவே கூடாது என்பதுதான் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்ணாடியோடு வாசலுக்கு

காம்பரா பல்ப் வெளிச்சத்தில் முகம் பார்த்து மருந்து வாங்கக் கூடாது. மஞ்சள் வெளிச்சம் திட்டுகளை மறைக்கும், வெள்ளை வெளிச்சம் இல்லாத நிழலைக் காட்டும். வேலையில்லாத நாள் காலையில் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று பாருங்கள்.

இரண்டு கன்னத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில் பழுப்புத் திட்டு, மேலுதட்டிலும் நெற்றியிலும் அதே நிறம் என்றால் அது பெரும்பாலும் மங்கு. பிள்ளை வயிற்றில் இருந்தபோது தொடங்கியதா, ஹோர்மோன் உள்ள குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுத்த காலத்தில் வந்ததா, அம்மாவுக்கும் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இந்த மூன்றும் மங்குக்குக் காரணமாகலாம். நான்காவது காரணம் வெயில். அடுப்புச் சூடும் அதைக் கிளறிவிடும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், அதுவும் முன்பு பரு வந்து போன இடத்திலேயே என்றால் பருத்தழும்பு. மங்கைவிட இது சீக்கிரம் வழிக்கு வரும். நிறம் பழுப்பாக இருந்தால் கறை தோலின் மேலடுக்கில் இருக்கிறது. சாம்பல் அல்லது நீலம் கலந்து தெரிந்தால் ஆழத்தில் இருக்கிறது. ஆழத்துக் கறைக்குச் சீரத்தில் காசு போடுவது வீண்.

கண் ஓரத்திலும் நெற்றியிலும் கோடு இருக்கிறதென்றால், சிரிக்காமல் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு பாருங்கள். அப்போதும் தெரிகிற கோடுதான் சுருக்கம். சிரிக்கும்போது மட்டும் வந்து போவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிடுகிறவர்களுக்கு, கயிறு அழுத்தும் இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழலாம். அது உராய்வால் வந்த கறுப்பு. கயிறு தினமும் உரசிக்கொண்டிருக்கும்வரை எந்தச் சீரமும் அங்கே எடுபடாது. கயிற்றுக்கு அடியில் மடித்த பருத்தித் துணி வைத்தால் ஓரளவு குறையும்.

சில குறிகளுக்குக் கடைப்பக்கமே போகக் கூடாது. கழுத்தின் பின்புறம் தடித்து, அழுக்குப் படிந்ததுபோல் கறுத்து, தேய்த்தாலும் போகாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். நீரிழிவு வருமுன்பே தோல் இப்படிக் காட்டிக் கொடுப்பதுண்டு. வெளிறிய திட்டு ஒன்றில் ஊசி முனை பட்டாலும் உணர்வு குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். மாத்திரையால் முற்றாகக் குணமாகிற நோய்தான், தாமதிக்கத்தான் கூடாது. முகமே சோபை இழந்து, கண் இமையின் உட்புறமும் வெளிறியிருந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் வேண்டியது இரும்புச்சத்து.

முதல் புட்டி சன்ஸ்கிரீன்தான்

சீரம் பற்றிய கட்டுரையில் சன்ஸ்கிரீனைப் பற்றி இவ்வளவு நீட்டுவது ஏன் என்று கேட்கலாம். மங்கையும் சுருக்கத்தையும் செய்கிற கை ஒன்றே, வெயில். ஒரு பக்கம் வெயில் கறையை ஏற்றிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் சீரம் இறக்கிக்கொண்டிருந்தால் வெயில்தான் ஜெயிக்கும். ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இந்த வழிகாட்டியை இத்தோடு மூடிவிட்டு சன்ஸ்கிரீன் வாங்குங்கள். வருத்தமில்லை.

மலைநாட்டில் குளிர்தானே, வெயில் என்ன செய்யும் என்ற நினைப்பு நம்மிடம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏற ஏற, புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தியலுமை அருவிப் பக்கத்திலிருந்து பேரகலை, ஹப்புத்தளை என்று ஏறி, 1970 மீட்டர் உயரத்திலுள்ள லிப்டன் சீட் வரை போனால், உடம்பு குளிரும், கதிர் மட்டும் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட அதிகம். பனிமூட்டமும் காப்பாற்றாது, மெல்லிய மேகத்தை ஊடுருவிப் பெரும்பகுதி கதிர் இறங்கிவிடும். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மறுபடி அப்படித்தான். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மங்கு கூடிவிட்டது என்று பெண்கள் சொன்னால் அதில் காரணமில்லாமல் இல்லை.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். எஸ்.பி.எப் 30க்குக் குறையக் கூடாது. அது தோலைச் சுடுகிற கதிரில் 97 சதவீதத்தை மறிக்கும். 50 என்றால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டாம். இரண்டாவது, பி.ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று கூட்டல் குறி. தோலை முதுமையாக்குகிற கதிரைப் பற்றியது அது. அந்தக் கதிர் கண்ணாடியையும் தாண்டி வருவதால், பண்டாரவளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருகிற டீச்சருக்கும் இது வேண்டும். மூன்றாவது, மங்கு உள்ளவர்கள் தோல் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் அதையே எடுங்கள். அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஒக்சைட், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் மறிக்கிறது. மாநிறத் தோலில் மங்கை அந்த வெளிச்சமும் தூண்டும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். அந்தக் கணக்கில், நாளுக்கு ஒரு தடவை பூசினாலும் 50 மில்லிலீட்டர் டியூப் ஒன்றரை மாதத்துக்கு மேல் வராது. வியர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசச் சொல்கிறார்கள். மலையில் கொழுந்து எடுக்கிறவருக்கு அது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். நடக்கக்கூடியதைச் செய்யலாம்: காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு பூச்சு, பகல் சாப்பாட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு இன்னொரு பூச்சு. இடையில் துணி. கூடைக் கயிறு தலையில் இருக்கும்போது அகலத் தொப்பி நிற்காது. தலைத்துணியைக் கன்னத்தின் பாதி மறையும்படி இழுத்துக் கட்டினால் அந்த மறைப்பு வியர்வையில் கரைந்து போகாது.

கறைக்கு எது

இனிச் சீரம். திட்டு, தழும்பு, மங்குதான் பிரச்சினை என்று வாசல் வெளிச்சத்தில் தெரிந்துவிட்டால், நீங்கள் தேட வேண்டிய முதல் பெயர் நியாசினமைட். விட்டமின் பி3இன் ஒரு வடிவம். கறுப்பு நிறத்தைச் செய்கிற செல் ஒன்று, அதை வாங்கி மேலே கொண்டு வருகிற செல் இன்னொன்று. இந்தக் கைமாற்றத்தைத்தான் நியாசினமைட் தடுக்கிறது. 4 அல்லது 5 சதவீதம் போதும். 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பதை எடுத்தால் இரண்டு மடங்கு பலன் வராது, எரிச்சல் வேண்டுமானால் வரும். விலை குறைவு, வெயிலிலும் சூட்டிலும் எளிதில் கெடாது, குளிரூட்டி இல்லாத வீட்டிலும் இருக்கும், காலையும் ராத்திரியும் பூசலாம். போதாததற்கு மெல்லிய கோடுகளையும் கொஞ்சம் குறைக்கும். சித்தியின் கேள்விக்கு "ரெண்டுக்கும்" என்று யாராவது நியாயமாகப் பதில் சொல்ல முடியுமென்றால் அது இந்தப் புட்டியைக் காட்டித்தான்.

மங்கு பிடிவாதமாக இருந்தால் அசலேயிக் அசிட், டிரானெக்ஸாமிக் அசிட் இரண்டும் அடுத்த தெரிவு. அசலேயிக் 10 சதவீதத்திலிருந்து கிடைக்கும், பருவுக்கும் கேட்கும், முதல் வாரங்களில் ஊசி குத்துவதுபோல் சுள்ளென்று இருக்கும். அல்ஃபா ஆர்பியூட்டின் 2 சதவீதம் சாது, மெதுவாக வேலை செய்யும். கோஜிக் அசிட் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், சிலருக்கு ஒவ்வாமை தரும்.

விட்டமின் சியைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. நல்ல சரக்குதான். கறையையும் குறைக்கும், தோலைத் தாங்குகிற கொலாஜனுக்கும் உதவும். வைத்துக் காப்பாற்றுவதுதான் சிரமம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னலின் குழு 2001இல் காட்டியபடி, அஸ்கோர்பிக் அசிட் தோலுக்குள் போக வேண்டுமானால் திரவம் நல்ல புளிப்பாக இருக்க வேண்டும், 20 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே போகும் அளவு கூடுவதுமில்லை. இதே அசிட் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெடும். புதிதில் தண்ணீர் நிறமாகவோ மிக வெளிர் மஞ்சளாகவோ இருப்பது, நாள்பட்டால் சாயத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறத்தில் கடையில் இருந்தால் வாங்காதீர்கள், வீட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடிப் புட்டி, இறுக்கமான மூடி, திறந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிடும் ஒழுங்கு, இதெல்லாம் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் நியாசினமைட்டோடு நிற்பது புத்தி.

வெனிவெல் என்ற மரமஞ்சள், குங்குமப்பூ, பச்சைத் தேயிலைச் சாறு சேர்த்தது என்று அட்டையில் படம் போட்டவையும் வரும். தேயிலைச் சாற்றுக்கு வெயில் காயத்தைத் தணிக்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் நாம் கிலோக் கணக்கில் பறித்துக் கொடுத்த கொழுந்து, துளிக் கணக்கில் புட்டியில் திரும்பி வரும்போது என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். எலுமிச்சம்பழச் சாற்றை மட்டும் முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போய்விடாதீர்கள். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து, இருந்ததைவிடக் கறுப்பான தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

சுருக்கத்துக்கு எது

இதில் போட்டியே கிடையாது. ரெட்டினோல், அதாவது விட்டமின் ஏ குடும்பம். இதன் மூத்த உறவான ட்ரெட்டினோயின் அமெரிக்காவில் 1971இல் பருவுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. பருவுக்குப் பூசியவர்களின் சுருக்கமும் குறைவதை அல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் வைத்தியர் கவனித்து ஆராய்ந்தார். 1995இல் வெயில் முதுமைக்கும் அனுமதி வந்தது. ட்ரெட்டினோயின் வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் வாங்க வேண்டியது. கடைச் சீரத்தில் இருக்கிற ரெட்டினோல் அதைவிட மென்மை, அதைவிட மெதுவு.

0.1 முதல் 0.3 சதவீதத்தில் தொடங்குங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முகப் பூச்சுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே 0.3 சதவீதம்தான், 1 சதவீதப் புட்டி நமக்கெதற்கு? ராத்திரியில் மட்டும், வாரத்துக்கு இரண்டு தடவை, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. ஒரு மாதம் தாங்கினால் ஒன்றுவிட்ட ராத்திரி. தோல் காய்ந்து செதில் விடுவது வழக்கம். எரிந்து சிவந்தால் நிறுத்திவிட வேண்டும். நம்முடைய தோலில் எரிச்சல் வந்து ஆறும் இடமெல்லாம் கறுப்பாகும், சுருக்கத்துக்குப் பூசப் போய்க் கறையை வாங்கிக்கொள்வதில் என்ன லாபம்?

ஊவாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் காய்ந்த காற்று, தேயிலைக்கு மணத்தைக் கொடுத்து உதட்டை வெடிக்க வைக்கிற காற்று வீசும். அந்த மாதங்களில் ரெட்டினோலைப் புதிதாகத் தொடங்காதீர்கள். ஒக்டோபர் மழை பிடித்த பிறகு தொடங்கினால் தோல் தாங்கும்.

ரெட்டினோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பக்குச்சியோல் இருக்கிறது. கார்போகரிசி விதையிலிருந்து எடுப்பது. சித்த வைத்தியத்தில் தோலுக்குப் பழைய மருந்து. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 0.5 சதவீதப் பக்குச்சியோல், அதே அளவு ரெட்டினோலுக்கு ஈடாகச் சுருக்கத்தையும் கறையையும் குறைத்தது, செதிலும் எரிவும் குறைவு. 44 பேர் சின்ன எண்ணிக்கை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹைலூரோனிக் அசிட் எல்லாக் கடையிலும் முன்வரிசையில் நிற்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலைக் கொஞ்ச நேரம் உப்பலாகக் காட்டும், அவ்வளவுதான். பெப்டைட் விலை அதிகம், சான்று குறைவு. முதல் புட்டியாக இரண்டும் வேண்டாம்.

எனில் எந்தப் புட்டி

முப்பதுக்குக் கீழே, பருத்தழும்பு என்றால் நியாசினமைட். மங்கு என்றால் நியாசினமைட்டில் தொடங்கி, மூன்று மாதத்தில் அசையவில்லையென்றால் அசலேயிக். நாற்பதைத் தாண்டி, கறையும் கோடும் சேர்ந்து இருந்தால் ராத்திரி ரெட்டினோல். கறையையும் அது மெதுவாக இறக்கும். மேற்கத்தியப் பத்திரிகைகள் முதுமை என்றால் சுருக்கத்தைப் பேசும். மாநிறத் தோலில் வயது முதலில் நிறத்தில்தான் ஏறும், திட்டு வந்து பல வருடம் கழித்துத்தான் கோடு விழும். ஆகவே நம்மில் பலருக்கு "மங்குக்கா, சுருக்கத்துக்கா" என்ற கேள்விக்கு ஒரே விடை: முதலில் நிறம் சீராகட்டும், முகம் தானாக இளசாகத் தெரியும்.

லேபிளை வாசிப்பது

கடைத்தெருப் பாமசி ஒன்றில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"தம்பி, மொகம் வெளுக்குற சீரம் ஒன்னு குடுங்க."

"வெளுக்கவா அக்கா, மங்கு போகவா?"

"ரெண்டும் ஒன்னுதானே?"

ஒன்றில்லை. மங்கு போனால் உங்கள் சொந்த நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக வரும். காது மடலுக்குப் பின்னால் இருக்கிற நிறம்தான் உங்கள் எல்லை, நேர்மையான எந்தச் சீரமும் அதற்கு மேல் வெளுக்காது. 1975இல் இந்தியாவில் வந்த ஃபெயார் அண்ட் லவ்லி, 2020இல் பெயரிலிருந்து ஃபெயாரைத் தூக்கிவிட்டுக் குளோ என்று மாற்றிக்கொண்டது. அட்டையில் சொல் மாறியதற்காகப் பூசுகிறவர் தோல் மாறப் போவதில்லை.

பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எழுத்து பொடியாகவும் ஆங்கிலமாகவும் இருக்கும். வீட்டில் ஓ.எல் படிக்கிற பிள்ளை இருந்தால் கூட்டிப் போகலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. 1 சதவீதத்துக்கு மேல் உள்ள சேர்மானங்களை அதிகமாக இருப்பதிலிருந்து குறைவாக இருப்பது வரை வரிசையாகத்தான் எழுத வேண்டும். ஃபினாக்ஸிஎத்தனோல் என்று ஒரு பெயர் அநேகமாக எல்லாப் புட்டியிலும் வரும். கெடாமலிருக்கச் சேர்ப்பது, பொதுவாக 1 சதவீதத்தைத் தாண்டாது. நீங்கள் காசு கொடுக்கிற சரக்கின் பெயர் அதற்குப் பின்னால் போயிருந்தால், அது பேருக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரெட்டினோல், பக்குச்சியோல், கோஜிக் அசிட் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றின் அளவே சொற்பம்.

சதவீதம் எழுதியிருக்கிறதா, தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா, இலங்கைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் ஸ்டிக்கர் இருக்கிறதா, திகதி முடிந்துவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படமும் அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதம் வைத்திருக்கலாம்.

அளவிலும் காசு மிச்சம் பிடிக்கலாம். ஒரு மில்லிலீட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு. 30 மில்லிலீட்டர் என்றால் 600 சொட்டு. ஒரு தடவைக்கு நான்கு சொட்டு போதும். ராத்திரி மட்டும் பூசினால் ஐந்து மாதம் வரும். விட்டமின் சி வாங்குகிறவர் 15 மில்லிலீட்டர் எடுத்தாலே கெடுமுன் முடிக்கலாம். அக்காவும் தங்கச்சியும் ஒரு புட்டியைப் பங்கு போட்டுக்கொள்வதிலும் தப்பில்லை, சொட்டுக் குழாய் தோலில் படாமல் உள்ளங்கையில் விட்டுக்கொண்டால் சரி.

தொடவே கூடாத இரண்டு

ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாமல் பயப்படுங்கள். ஒரு வாரத்தில் அப்படிச் செய்யக்கூடியவை இரண்டுதான். ஒன்று பாதரசம், மற்றது ஸ்டீரொய்ட்.

பாதரசம் நிறம் செய்கிற வேலையையே முடக்கிவிடும், அதனால் வெளுப்பு சீக்கிரம் தெரியும். தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். கை நடுக்கம், தூக்கமின்மை, ஞாபக மறதி என்று ஆஸ்பத்திரிக்கு அலைகிறவருக்கு முகக் கிரீம் மேல் சந்தேகம் வராது. பூசியவரோடும் அது நிற்பதில்லை. பாதரசம் ஆவியாகும், தலையணையிலும் துவாயிலும் படியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒருத்தி பூசினால் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையும் சுவாசிக்கிறது. இலங்கையில் இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்கு, 2023 பெப்ரவரியில் ஐ.நா. சுற்றாடல் திட்டம் தொடங்கிய 1 கோடி 40 லட்சம் டொலர் வேலைத்திட்டமே சாட்சி. வெளுக்கும் கிரீம்களிலிருந்து பாதரசத்தை ஒழிக்க அதற்குத் தெரிவான நாடுகள் மூன்று: கபோன், ஜமேக்கா, இலங்கை. அதே வருடம் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள் எதுவுமே 2025க்குப் பிறகு இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தன.

முடிவெடுத்ததால் சந்தையிலிருந்து மறைந்துவிடாது. அறிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று அட்டையில் எழுதியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நகையைக் கெடுப்பது பாதரசத்தின் குணம். கெலோமெல், மெர்குரிக், மெர்குரஸ், மெர்குரியோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் அது பாதரசம்தான். சேர்மானமே எழுதாத குப்பி, முகவரியில்லாத குப்பி, யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கைமாற்றாக விற்கும் குப்பி, இவையும் அதே கணக்கு. சந்தேகமான பொருளைக் கடையில் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

ஸ்டீரொய்ட் மருந்துக் கடையில் கிடைப்பதால் மருந்து என்ற நம்பிக்கையோடு பூசுகிறார்கள். சொறிக்கோ கரப்பனுக்கோ வைத்தியர் கொடுத்த டியூப் வீட்டில் கிடக்கும். பூசிப் பார்த்தால் முகம் தெளிகிறது. பியூட்டி பார்லரில் பெயரில்லாத வெள்ளை டப்பாவில் கலந்து தருவதிலும் இது இருக்கக்கூடும். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளம் தெரியும், பரு கிளம்பும், மெல்லிய மயிர் முளைக்கும். நிறுத்தினால் முகம் தீப்பட்ட மாதிரி எரியும், அதற்குப் பயந்தே மறுபடி பூசுவார்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்தாமல் தோல் வைத்தியரிடம் போய், படிப்படியாக இறங்கும் வழியைக் கேட்பது நல்லது.

முதல் பன்னிரண்டு வாரம்

வாங்கி வந்த அன்றே முகம் முழுக்கப் பூசிவிடாதீர்கள். காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உட்புறத்திலோ ஒரு சொட்டு, தொடர்ந்து சில ராத்திரி. அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். கல்யாணமோ சடங்கோ வைத்துக்கொண்டு அதற்கு முந்திய வாரம் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள், அல்லது சும்மா இருங்கள்.

ராத்திரி முகம் கழுவி, ஈரம் ஒற்றி எடுத்து, நான்கு சொட்டு. அது காய்ந்ததும் சாதாரண வாசனையில்லாத கிரீம் ஏதாவது. காலையில் வேறெதுவும் வேண்டாம், சன்ஸ்கிரீன் போதும். துவாயால் தேய்ப்பதையும் பீர்க்கங்கூட்டால் உரசுவதையும் விடுங்கள், உரசல் கறையைக் கூட்டும்.

மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் நீளும். எட்டு வாரத்துக்கு முன் கண்ணாடி எதையும் சொல்லாது. முதல் நாள் வாசல் வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், அதே இடத்தில் அதே நேரத்தில் மாதத்துக்கொன்று எடுத்து ஒப்பிடுங்கள். நம் கண் தினமும் பார்த்துப் பழகிவிடுவதால் மாற்றத்தைப் பிடிக்காது. சுருக்கத்துக்கு இன்னும் பொறுமை வேண்டும், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் பிள்ளை இருந்தால்

ரெட்டினோலும் ட்ரெட்டினோயினும் கூடவே கூடாது. பிள்ளைக்குத் திட்டமிடும்போதே நிறுத்திவிட வேண்டும். கறைக்கு வைத்தியர் கொடுக்கும் ஹைட்ரோகுயினோன் மருந்தும் வேண்டாம். அசலேயிக், நியாசினமைட், விட்டமின் சி மூன்றையும் பயமில்லாமல் பூசலாம். கர்ப்பத்தில் வந்த மங்கு, பிள்ளை பிறந்த பிறகு சில மாதங்களில் தானாக மங்குவதும் உண்டு. கிளினிக்கில் குடும்ப சுகாதார மாதுவிடம் புட்டியைக் காட்டிக் கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் படத்தில் மாற்றமில்லையென்றால் அதைவிட விலை கூடிய இரண்டாவது புட்டிக்குப் போகாதீர்கள். பதுளை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் பார்ப்பார்கள், கொஸ்லந்தை ஆஸ்பத்திரியில் துண்டு வாங்கிக்கொண்டு போனால் சுலபம். ஒரு நாள் பேர் போகும், உண்மைதான். சீரத்துக்குப் போன பேரோடு ஒப்பிட்டால் அது குறைவு. போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றையும், காலிப் புட்டியானாலும், அந்த வெள்ளை டப்பாவானாலும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ஏதோ ஒரு கிரீம்" என்று சொன்னால் வைத்தியரால் ஒன்றும் செய்ய முடியாது.